பேர் வெட்டிய தொலைநோக்கி

தொலைநோக்கி வாங்கப் போகிறேன் என்று சென்னையில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வீடு வாங்கப் போகிறேன் என்றால்கூட வில்லங்கம் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். தொலைநோக்கி என்றால் வாழ்நாளில் அண்ணாந்தே பார்த்திராதவர்களும் ஆலோசகர்கள் ஆகிவிடுகிறார்கள். எங்கள் அபிராமபுரம் அடுக்குமாடியின் செயலாளர், லிஃப்ட் போடுவதைப் பற்றி வருஷக்கணக்காகத் தீர்மானம் மட்டும் போட்டுக்கொண்டிருப்பவர், படிக்கட்டில் என்னை நிறுத்தி, "எதுக்கு மேடம் வேஸ்ட்டா? இன்டர்நெட்டுல எல்லாக் கிரகமும் ஃப்ரீயா, கலர்லயே இருக்கே" என்றார். அவரிடம் இட்லியும் இன்டர்நெட்டில் கலரில் இருக்கிறது, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க நினைத்தேன். அசோசியேஷன் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் சிரித்துவிட்டு இறங்கினேன்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கையில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்க வேண்டும், ஆட்டோவில் வைத்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போக வேண்டும், சனிக் கிரகத்தை ஒருமுறை என் கண்ணால் பார்க்க வேண்டும், ராத்திரி தோசைக்கு வீடு திரும்பிவிட வேண்டும். தி.நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்தே தலை நரைத்தவள் நான். சனிக்கு வளையம் உண்டு என்று கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. நேரில் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காததைப் பார்த்தவள் மாதிரி சொல்லித்தான் சம்பளமும், பிரிவுபசார விழாவில் ஒரு குத்துவிளக்கும் வாங்கினேன்.

ஓய்வுக்குப் பிறகு இதையும் மெல்லப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருப்பேன். கண் டாக்டர் விடவில்லை. ஒரு பெரிய கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளே புள்ளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. வெகு சமர்த்தாக அழுத்திவிட்டு, நூற்றுக்கு நூறு வாங்கப்போகும் பெண் மாதிரி வெளியே உட்கார்ந்திருந்தேன். கையில் வந்த படத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. நான் அழுத்தத் தவறிய புள்ளிகளாம். அப்படிப் புள்ளிகள் வந்ததே எனக்குத் தெரியாது.

"கிளாக்கோமாம்மா. ஓரத்துப் பார்வை ரொம்பப் போயிருக்கு, இடது பக்கம் அதிகமா. போனது திரும்பி வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டர். நடுப் பார்வை எத்தனை காலம் இருக்கும் என்று கேட்டேன். அது ஆளுக்கு ஆள் மாறும் என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே பெரிய படிப்பெல்லாம் படிக்கிறார்கள் போலிருக்கிறது.

ஓரத்துப் பார்வை போனால் ஓரமெல்லாம் கறுப்பாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓரம் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகிறது. நிம்மதியாக நடந்துகொண்டிருப்பேன், திடீரென்று ஒரு சைக்கிள், ஒரு கதவு நிலை, ஒரு மாடு எங்கிருந்தோ முளைக்கும். மயிலாப்பூர் மாடுகளுக்கு என்னைப் பழகிவிட்டது. அவை தாமாகவே ஒதுங்கிக்கொண்டன.

ஒதுங்காதவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவர் அப்பா வந்து ஆரம்பித்த கடை. அவர் உலகத்தில் நெளிந்த பாத்திரம் உண்டு, ஓட்டை விழுந்த பாத்திரம் உண்டு. சரிபண்ண முடியாத பாத்திரம் கிடையாது. ஒரு நாள் கடைக்குப் போனபோது இடது பக்கம் இருந்த டம்ளர் அடுக்கில் இடித்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி உருட்டிவிட்டேன். வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "கவனம் எங்க இருக்கு ஒனக்கு?" என்று சத்தம் போட்டார். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னால், "கண்ணுக்கு ஒண்ணுமில்ல. வேலையில்லாம வீட்டுல இருந்தா கவனம் செதறத்தான் செய்யும். கண்ணாடிய மாத்துனா சரியாப் போயிரும்" என்பார். எனக்கு வயிறு எரியும். கண் போவது ஒரு துக்கம். போகிறது என்று சொன்னால் நம்பாத ஆளோடு ஒரே வீட்டில் இருப்பது அதைவிடப் பெரிய துக்கம்.

ஆகவே சனி. இருக்கிற நடுப் பார்வையை வைத்துக்கொண்டு அதையாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

வான் பார்க்கும் ஆர்வலர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்தேன். சுமாரான விலையில், லேசாக, சட்டென்று எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி ஒரு தொலைநோக்கி சொல்லுங்கள் என்று பணிவாகக் கேட்டேன். அன்றைக்கு அவர்களில் யாருக்கும் வேலை இல்லை போலிருக்கிறது. ஒருவர், முதலில் ஒரு வருஷம் வெறுங்கண்ணால் வானத்தைப் பழகுங்கள் என்றார். இன்னொருவர், அடுத்த ஒரு வருஷம் பைனாகுலரில் பழகச் சொன்னார். மூன்றாமவர் பழக்கமெல்லாம் வேண்டாம், கண்ணாடி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று, ஆட்டோவே போதாமல் மினி லாரி கேட்கும் ஒரு பீரங்கியின் படத்தை அனுப்பினார். கடைசியாக வந்தவர் மகா கருணையுள்ளவர். "இந்த வருஷம் சனியின் வளையம் நமக்குப் பக்கவாட்டில் படுத்திருக்கிறது, வெறும் கோடாகத்தான் தெரியும். மூணு நாலு வருஷம் பொறுத்தால் ஜம்மென்று விரிந்துவிடும். அப்போது வாங்குங்கள் அம்மா" என்றார். அதுவரைக்கும் என் கண்ணைத் திறந்து வைத்திருப்பதற்கும் ஏதாவது சாதனம் உண்டா என்று தட்டச்சு செய்தேன். அப்புறம் அதை அழித்துவிட்டுக் கும்பிடும் கைகளைப் போட்டேன்.

பொருள் வாங்குவது வாத்தியார்களுக்கு வராத வித்தை என்று சொல்லி வீட்டுக்காரர் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்பதை நிரூபிக்க இது நல்ல வழி என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், முதல் மாடியில், பள்ளிக்கூடங்களுக்குச் சோதனைக் குழாயும் நுண்ணோக்கியும் விற்கும் கடை ஒன்று உண்டு. எங்கள் பள்ளிக்கும் அங்கேயிருந்துதான் சாமான் வரும். வேட்டியும் டீ ஷர்ட்டுமாக உட்கார்ந்திருந்த கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "வாங்கோ மாமி. எங்கேர்ந்து பாக்கப் போறேள்? மாடியா, பீச்சா? யார் தூக்கிண்டு போகப் போறா?" என்று கேட்டார். இத்தனை பேரில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்ட முதல் மனிதர்.

அவர் மூன்று தொலைநோக்கிகளை எடுத்து வைத்தார். ஒன்று ஒல்லியாக நீண்டு, முக்காலியில் நின்றது. ஒன்று அடியில் கண்ணாடி வைத்த பெரிய உருளை. மூன்றாவதும் கண்ணாடி வைத்ததுதான். ஆனால் குட்டையாக, சின்ன மரத்தட்டில் உட்கார்ந்திருந்தது. மேஜை மேல் வைத்துப் பார்க்கிற ரகமாம். கடைக்காரர் அதனதன் குணத்தைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் என் வீட்டுக்காரர் வேலையைத் தொடங்கிவிட்டார். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் தூக்கிக் கனம் பார்த்தார். விரல் முட்டியால் தட்டி, காதை வைத்து நாதம் கேட்டார். விளிம்பைக் கட்டைவிரலால் தடவி, உதட்டைப் பிதுக்கினார்.

"தகடு ரொம்ப மெல்லிசா இருக்கே."

"அது வெறும் குழாய்தான் மாமா. உள்ள இருக்கற கண்ணாடிதான் விஷயம்."

"அடி கனமில்லாத பாத்திரத்துல பால் வச்சா பிடிச்சுக்கிடும்."

"இதுல பால் வைக்க மாட்டோமே மாமா."

வீட்டுக்காரர் அசரவில்லை. கனமில்லாத பொருளுக்குக் காசு கொடுப்பது அவர் குலத்துக்கே இழுக்கு. நேராகப் போய் அந்தப் பெரிய உருளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பொருள்னா இது பொருள்" என்றார். கல்யாணச் சமையல் அண்டா அளவுக்கு இருந்தது. இதை மூன்று மாடி யார் தூக்குவது என்றேன். "நான் தூக்குதேன்" என்றார். தண்ணீர் கேனைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனதற்கே ஒரு வாரம் இடுப்பில் தைலம் தேய்க்கச் சொன்னவர் அவர்.

கடைக்காரர்தான் என்னைக் காப்பாற்றினார். "பெரிசு வாங்கிண்டு போனவாள்ளாம் ரெண்டு தடவை பாப்பா மாமா. அப்புறம் அதுமேல துண்டு காயப்போட ஆரம்பிச்சுடுவா. எதைத் தூக்கிண்டு போக முடியறதோ அதுதான் நல்ல டெலஸ்கோப்" என்றார். அவருக்கு அந்த இடத்திலேயே அர்ச்சனை செய்யலாம் போலிருந்தது. குட்டையானதைக் காட்டி, இதுதான் என்று சொல்லிவிட்டேன். மரத்தட்டாவது கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று வீட்டுக்காரர் மனதைத் தேற்றிக்கொண்டு பேரம் பேசினார். எந்தக் கடையிலும் கொசுறு வாங்காமல் இறங்கிப் பழக்கமில்லாதவர் என்பதால், கிளம்பும்போது ஒரு லாட காந்தத்தைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது எதற்கு என்று அவருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

அடுத்து நடந்ததை வேறு எந்த வீட்டிலும் எதிர்பார்க்க முடியாது. பாத்திரம் வாங்கினால் பேர் வெட்ட வேண்டும். இது தமிழ்நாட்டு வழக்கம். பாத்திரக் கடைக்காரர் வீட்டில் அது வேதம். எங்கள் வீட்டில் கரண்டி, வடிகட்டி, எண்ணெய்த் தூக்கு, பல்லி கூட நுழையாத பரண்மேல் கிடக்கும் இடியாப்பத் தட்டு எல்லாவற்றிலும் பேர் உண்டு. மறுநாள் காலையில், "ஒரு வேலை இருக்கு" என்று சொல்லித் தொலைநோக்கியைக் கடைக்குத் தூக்கிப் போனார். கடையில் பேர் வெட்டுவதற்கென்றே ஆள் இருக்கிறார். அவரிடம் கொடுக்காமல் தானே அந்தக் கரண்ட் உளியைப் பிடித்து, குழாயை மடியில் சாய்த்துக்கொண்டு, டர்ரென்று வெட்டியிருக்கிறார். சாயங்காலம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தபோது, குண்டு குண்டு எழுத்தில் மேலே "அன்பளிப்பு" என்றும், அதன் கீழே அவர் பெயரும், அதற்கும் கீழே சின்னதாக என் பெயரும் இருந்தன. என் ஓய்வூதியத்தில் வாங்கிய பொருளை எனக்கே அன்பளித்திருந்தார்.

"நல்லா ஆழமா வெட்டிருக்கேன். எவ்வளவு தேச்சாலும் அழியாது" என்றார். தொலைநோக்கியை யாரும் சபீனா போட்டுத் தேய்ப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து விட்டுவிட்டேன்.

மழைக்காலம் ஓய்ந்து வானம் வெளுத்த ஒரு சாயங்காலம் கிளம்பினோம். மேஜைக்குப் பதிலாகக் கடையிலிருந்து அரிசி டிரம் ஒன்றை வீட்டுக்காரர் கொண்டுவந்திருந்தார். "இன்னாம்மா அது, ஆர்மோனியமா? கச்சேரியா?" என்றார் ஆட்டோக்காரர். ஆமாம் என்றேன். பெசன்ட் நகரில் விளக்குக் கம்பங்களின் வெளிச்சத்தைத் தாண்டி, ஊரூர் குப்பத்துப் பக்கமாக நடந்து, மணலில் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் தொலைநோக்கியை வைத்தோம். சனி ஊர்ப் பக்கம், தென்மேற்கில் இருந்தது. கடற்கரைக்கு வந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற இரண்டு வயசானவர்களை, சுண்டல் வாங்க வந்தவர்கள் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சனியைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மஞ்சளாக, சிமிட்டாமல் நிற்கும். குழாயைத் திருப்பி, கண்ணை வைத்தேன். நசுங்கிய எலுமிச்சை விதை மாதிரி ஏதோ தெரிந்தது. ஒரு பக்கம் வால் முளைத்து இழுத்திருந்தது. திருகிப் பார்த்தேன். விதை பெருத்தது, சிறுத்தது, வால் போகவில்லை. பக்கத்து நட்சத்திரத்துக்குத் திருப்பினேன். அதற்கும் வால். எழுந்துகொண்டு, நீங்கள் பாருங்கள் என்றேன்.

அவருக்கு அப்போது ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. கோயிலிலேயே சனீஸ்வரனுக்கு நேராக நிற்காமல் ஓரமாக நின்று கும்பிடுகிறவர். ஒரு கண்ணை வைத்தார், எடுத்தார்.

"எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்கு."

"வளையம் தெரியுதா?"

"தெரியுதே. பளபளன்னு."

நான் நம்பினேன். அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது, எனக்கு நசுங்கித் தெரிகிறது என்றால் வேறென்ன அர்த்தம்? நடுப் பார்வையும் புறப்பட்டுவிட்டது. டாக்டர் சொன்ன அந்த ஆளுக்கு ஆள் மாறுகிற காலம் எனக்கு இவ்வளவுதான். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. குளிர்கிறது என்று சொல்லி எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொன்னேன். வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதேன். வெளியே அவர், தண்ணி வீணாப் போவுது என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த சில நாட்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் படித்தேன். தினசரி காலண்டரில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் ராகு காலத்தைப் படித்தேன். மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்தேன். எல்லாம் தெரிந்தது. சனி மட்டும் தெரியவில்லை என்றால் அது என்ன கண்? எனக்குள் இருந்த வாத்தியாரம்மா அப்போதுதான் விழித்துக்கொண்டாள். தெப்பக்குளக் கடைக்காரருக்குப் போன் செய்து, வாங்கியதைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கேட்டேன்.

"ஏன் மாமி, என்ன ஆச்சு?"

நட்சத்திரத்துக்கு வால் முளைத்த கதையைச் சொன்னேன்.

"ஒரே பக்கமா இழுக்கறதா?"

"ஆமா."

"அது கண்ணில்ல மாமி. உள்ள கண்ணாடி திரும்பிடுத்து. கீழ போட்டேளா?"

"இல்லையே. பேர் வெட்டினோம், அவ்வளவுதான்."

போன் வழியாக அவர் பக்கத்துத் தெருவில் யாரோ காய்கறி விற்றுக்கொண்டு போவது மட்டும் கேட்டது.

"பேர் வெட்டினேளா? மெஷின்லயா?"

"மெஷின்லதான்."

"கொண்டு வாங்கோ" என்றார். அந்தக் குரலில் எல்லாம் இருந்தது.

இரண்டு பேரும் கொண்டுபோனோம். கடைக்காரர் முதலில் குழாயின் மேல் இருந்ததை ஒரு சொல் விடாமல் உரக்கப் படித்தார். அப்புறம் அடியில் இருந்த திருகுகளைத் தளர்த்தி, ஓட்டை போட்ட மூடி ஒன்றை வைத்துப் பார்த்துப் பார்த்து முடுக்கினார். உளி அதிர்ந்த அதிர்ச்சியில் கண்ணாடி சரிந்துபோயிருக்கிறது. வேறு சேதம் இல்லை. "இனிமே கல்வெட்டெல்லாம் வேண்டாம் மாமா" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கியதும் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு வளையம் தெரியுதுன்னு சொன்னீங்களே?"

"நீ ஆசையா வாங்குனது. நல்லா இல்லன்னு எப்படிச் சொல்ல?"

இருபது வயதிலிருந்து கல்லாவில் உட்கார்ந்த மனிதர். ஓட்டைப் பானையாக இருந்தாலும் தன் கடைப் பொருளைக் குறை சொல்ல வாய் வராது. "உங்க ஒரு ஜோருக்கு நான் இத்தனை நாள் குருடியா இருந்தேன், தெரியுமா?" என்று கத்தினேன். பூக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். ஆனால் வியாபாரி அல்லவா, உடனே சுதாரித்துக்கொண்டார். "அப்ப கண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிப்போச்சுல்லா? எல்லாம் கண்ணாடில வந்த கோளாறு. நான்தான் ஆரம்பத்துலயே சொன்னேன்லா?" என்றார்.

அவர் வெட்டிய பேரால் கெட்டுப்போன தொலைநோக்கியை வைத்து, என் டாக்டர் சொன்னதையும் பொய்யாக்கிவிட்டார். இப்படி ஒரு லாபத்தை அவர் கடையில்கூட நான் பார்த்ததில்லை. வீடு வரும்வரை பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை.

பேசாவிட்டாலும் சனி காத்திருக்காது. நாளுக்கு நாள் மேற்கே சரிந்துகொண்டிருந்தது. மறுபடி ஒரு சாயங்காலம், அதே டிரம், அதே மணல். குழாயை ஊர்ப் பக்கம் திருப்பிக் குனிந்தபோது, குப்பத்து வீட்டு வாசலிலிருந்து ஒரு அம்மாள் விறுவிறுவென்று வந்தாள்.

"இன்னாம்மா, அளக்கறீங்களா? ஊட்ட எடுக்கறதுக்கா?"

அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை. இதற்கு முன்னால் முக்காலியோடு வந்தவர்கள் குப்பத்தைக் காலி செய்ய அளந்துபோகத்தான் வந்திருப்பார்கள் போல. எனக்குச் சங்கடமாகிவிட்டது. இல்லைம்மா, சனியைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சனியவா? அவனவன் அது கண்ல படாம ஓடிகினு கீறான். நீ இன்னாம்மா, மெஷின் வெச்சுத் தேடிகினு வந்துகீறே?"

வீட்டுக்காரர் முதல்முறையாக ஒருவர் சரியாகப் பேசிவிட்டார் என்பது போலத் தலையாட்டினார். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் கண்ணை வைத்தேன்.

சின்ன உருண்டை. வெண்ணெய் நிறம். அதன் நடுவே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டு, மெல்லிய ஒரு கோடு. நூல்கண்டில் ஊசியைக் குத்தி வைத்த மாதிரி இருந்தது. வால் இல்லை, கலங்கல் இல்லை. ஜம்மென்று விரிந்த வளையம் இல்லைதான். எனக்கு இது போதும். நான் இத்தனை வருஷமாகப் பிள்ளைகளிடம் சொன்னது பொய்யில்லை. அது அங்கே இருக்கிறது. எனக்கு இன்னும் தெரிகிறது. சந்தோஷத்தில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை, ஏதோ சத்தமாகச் சொன்னேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் தோளைப் பிடித்து இழுத்து, ஏழரையாவது எட்டரையாவது, ஒழுங்காகப் பாருங்கள் என்று டிரம்முக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

இந்தத் தடவை அவரால் தப்பிக்க முடியவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"எங்க? ஒண்ணையும் காணோமே."

பூமி சுற்றுவதால் நாம் பார்ப்பது நகர்ந்துகொண்டே இருக்கும் என்று சொல்லி, குழாயைத் தள்ளிச் சனியை நடுவில் கொண்டுவந்து கொடுத்தேன்.

"ஆ, வந்துட்டு. கோடு தெரியுது. அட, நெசமாவே தெரியுது..." என்றவர், "போச்சு" என்றார்.

மறுபடி பிடித்துக் கொடுத்தேன். மறுபடி போச்சு. தானே தேடுகிறேன் என்று குழாயை இப்படியும் அப்படியும் ஆட்டினார். எரிச்சல் வந்துவிட்டது அவருக்கு. கண்ணை எடுக்காமலே சத்தம் போட ஆரம்பித்தார்.

"என்ன சாமான் இது? சுத்தியும் ஒண்ணுமே இல்ல. நடுவுல பொட்டு மாதிரி ஒரு வட்டம், அதுக்குள்ள இருந்தாத்தான் தெரியுது. ஒரு நூல் தள்ளிப் போச்சுன்னா இருந்த இடமே தெரியல."

"ஆமா" என்றேன்.

"பக்கத்துல என்ன இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட?"

"தெரியாது."

"எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னாவது தெரிய வேண்டாமா? திடீர்னு வருது, திடீர்னு போவுது. இப்படி ஒரு ஓட்டை வழியாப் பாத்துக்கிட்டு மனுசன் எப்படி..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. தலையையும் தூக்கவில்லை. சனி எப்போதோ நகர்ந்து போயிருக்கும். குழாய்க்குள் வெறும் வானம்தான் இருந்திருக்கும். அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலைச் சத்தம் முதுகுப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பதில் பிடிபடப்போகிற நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

"ஏட்டி" என்றார், குனிந்தபடியே. "ஒனக்கு இப்படித்தான் தெரியுதா?"

"இவ்வளவு இருட்டா இருக்காது" என்றேன். "வட்டம் இதைவிடக் கொஞ்சம் பெரிசு. இப்போதைக்கு."

அவர் எழுந்துகொண்டார். கண்ணாடி மாற்றச் சொல்லவில்லை. கவனம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குழாயை மரத்தட்டிலிருந்து கழற்றித் துணியில் சுற்றினார். டிரம்மை நிமிர்த்தி, எல்லாவற்றையும் உள்ளே வைத்து, இடுப்பு வலியோடு தானே தூக்கிக்கொண்டார். நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, மணலைத் தட்டினாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அது என் வட்டத்துக்கு வெளியே நடந்தது.

சாலைக்குப் போகிற வழியெல்லாம் படகுகளும் வலைகளும் கிடந்தன. எப்போதும் எனக்குப் பத்தடி முன்னால் நடந்து, பின்னால் திரும்பி, பாத்து வா பாத்து வா என்று கத்துகிற மனிதர், அன்றைக்கு என் இடது பக்கமாக வந்து சேர்ந்துகொண்டார். கடையில் வேலையாளுக்குச் சரக்கு சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தார். "இங்கிட்டு ஒரு படகு கெடக்கு. அதுக்குப் பக்கத்துல வலை. ஒரு நாய் படுத்திருக்கு, ஒண்ணும் செய்யாது. கொஞ்சம் வலது பக்கமா வா. இப்ப முன்னால ஒரு கயிறு இருக்கு, காலைத் தூக்கி வை."

கயிறு எனக்கு நேர் எதிரே கிடந்தது. அது நன்றாகவே தெரிந்தது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டு, காலைத் தூக்கி வைத்தேன்.